எப்போதாவது வெல்டிங் செய்பவருக்கு எந்த முறை ஏற்றது? மலைநாட்டு வீடு ஒன்றுக்கான பதில்

கேள்வி: ஹற்றன் பக்கம் இருக்கிறேன். என் தொழில் இரும்பு வேலை இல்லை. வீட்டுக்கு ஒரு கேட், ஒரு கோழிக்கூடு, தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு ஸ்டாண்ட், முடிந்தால் ஓட்டோவின் துருப்பிடித்த தரைத் தகடு, இவற்றை நானே செய்யப் பழக ஆசை. ஸ்டிக், மிக், டிக், கேஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்:

உங்கள் பட்டியலில் உள்ள முதல் மூன்று வேலைகளுக்கும் ஒரு சிறிய டீ.சி. இன்வேர்ட்டர் ஸ்டிக் மெஷின் போதும். ஸ்டிக் என்பது மருந்து பூசிய இரும்புக் குச்சியைக் கரண்டால் எரித்து உருக்கி ஒட்டும் முறை. இன்வேர்ட்டர் என்பது வீட்டுக் கரண்டை அதற்கேற்ற நேர் மின்னோட்டமாக (டீ.சி.) மாற்றித் தரும் மின்னணுப் பெட்டி. உண்மையாகவே 140 முதல் 160 அம்பியர் தரக்கூடியதாக இருக்கட்டும். அதோடு 6013 வகைக் குச்சியில் 2.0 மி.மீ., 2.5 மி.மீ. என இரண்டு அளவுகள் வாங்குங்கள். ஓட்டோவின் தரைத் தகட்டை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வேறு முறை கேட்கும் வேலை. அந்த ஒன்றுக்காக மெஷினைத் தெரிவுசெய்தால் மற்ற மூன்றுக்கும் வீண் செலவு.

இந்தத் தெரிவுக்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. பொழுதுபோக்காகச் செய்பவரின் மெஷின் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மாதான் கிடக்கும். தொழில் செய்பவருக்கு எந்த முறை வேகமானது என்பது கேள்வி. உங்களுக்கோ, மாதக்கணக்கில் தொடாமல் வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் எது உடனே வேலை செய்யும் என்பதே கேள்வி. கேஸ் சிலிண்டரின் இணைப்பில் சிறு கசிவு இருந்தால் நீங்கள் திரும்பி வருமுன் அது காலியாகிவிடும். வாடகைச் சிலிண்டர் என்றால் சும்மா கிடக்கும் மாதத்துக்கும் பணம் போகும். நிரப்புவதற்கு வாகனம் பிடித்து நகரத்துக்கு இறங்க வேண்டும். மிக் மெஷினுக்குள் மாட்டியிருக்கும் கம்பிச் சுருள் எங்கள் மூடுபனியில் மேல்படை துருப்பிடித்து, கையில் பிடிக்கும் டோர்ச்சின் குழாய்க்குள் சிக்கிச் சிக்கிப் போகும். குச்சியும் ஈரம் குடிக்கத்தான் செய்யும். ஆனால் அதைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். துருப்பிடித்த கம்பிக்கும் காலியான சிலிண்டருக்கும் அப்படி வைத்தியம் இல்லை.

அடுத்து பார்க்க வேண்டியது வீட்டுக் கரண்ட். மெஷின் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக் வெல்டிங்கில் 80 அம்பியர் ஓடும்போது ஆர்க்கில், அதாவது குச்சி நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடரில், ஏறத்தாழ 23 வோல்ட் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1.9 கிலோவாட் அளவில் வரும். மெஷினில் விரயமாவதையும், சாதாரண இன்வேர்ட்டர் கரண்டைச் சீராக இழுக்காததையும் சேர்த்தால், 230 வோல்ட் சுவரிலிருந்து அது 14, 15 அம்பியர் இழுக்கும். 110 அம்பியரில் வேலை செய்தால் சுவரில் 20 அம்பியரைத் தாண்டும். ஆகவே 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கில் மாட்டி 3.2 மி.மீ. குச்சி எரிக்க நினைத்தால், பியூஸ் போவதற்கு முன்பே பிளக் சூடேறி உருகத் தொடங்கும். 2.5 மி.மீ. குச்சியை 70, 80 அம்பியரில் எரிப்பதற்கு, மெயின் போர்டிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. வயரில் இழுத்த 15 அம்பியர் உருண்டைப் பின் பொயின்ட் சமாளிக்கும். புதிதாக இழுப்பதானால் 4 சதுர மி.மீ. வயரில், தனி பிரேக்கரோடு இழுத்துவிடுங்கள். அனுமதிபெற்ற மின்தொழிலாளி ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட இணைப்பே பெரும்பாலும் 30 அம்பியர்தான் என்பதையும் மறக்கக்கூடாது. வெல்டிங் நடக்கும்போது மின்கேத்தலையும் இஸ்திரிக்கைப் பெட்டியையும் மற்றவர்கள் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீட்டு வயர் இன்னொரு பொறி. சில்லில் சுற்றி விற்கும் 1 சதுர மி.மீ. நீட்டு வயர் 50 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், போக வர 100 மீற்றர் செம்பு. அதன் தடை ஏறத்தாழ 1.8 ஓம். 20 அம்பியர் இழுத்தால் 36 வோல்ட் அந்த வயரிலேயே தொலைந்துவிடும். அதே 20 அம்பியரை 20 மீற்றர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. வயரில் இழுத்தால் இழப்பு 6 வோல்ட்தான். எந்த நீட்டு வயரானாலும் சில்லிலிருந்து முழுவதையும் அவிழ்த்து விரித்துவிட்டுத்தான் வேலை. சுற்றியபடியே வைத்தால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

ட்ரான்ஸ்ஃபோர்மருக்குத் தூரமான தோட்டத்து லயங்களிலும் லைன் கடைசி வீடுகளிலும் மாலை வேளையில் வோல்ட் இறங்குவது எல்லோரும் அறிந்ததே. மெஷின் வாங்குவதற்கு முன், பகல் 11 மணிக்கும் இரவு 7 மணிக்கும் ஒரு மல்ற்றிமீற்றரால் பிளக்கில் அளந்து பாருங்கள். ஆர்க் எரியும்போது 200 வோல்ட்டுக்குக் கீழே போகிறது என்றால், மலிவான இன்வேர்ட்டரில் குச்சி இரும்பில் ஒட்டிக்கொள்ளும் அல்லது ஆர்க் அணைந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு பவர் ஃபெக்டர் திருத்தம் (கரண்டைச் சீராக இழுக்கும் வசதி) உள்ள மெஷின் ஒன்று நல்லது. அது அதே வேலைக்குச் சுவரிலிருந்து குறைந்த அம்பியர் இழுக்கும், வோல்ட் இறங்கினாலும் தாங்கும். விலை கூடுதல்தான். கையில் அவ்வளவு இல்லை என்றால் பகலில் வேலை செய்யுங்கள்.

கடையில் மெஷினின் முன்பக்கத்தில் 250, 300 என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். 300 அம்பியர் உண்மை என்றால் ஆர்க்கில் 32 வோல்ட், அதாவது வெளியே வருவதே 9.6 கிலோவாட். அதற்குச் சுவரிலிருந்து 50 அம்பியருக்கு மேல் வேண்டும். விரல் மொத்தம்கூட இல்லாத வயரும் சாதாரண பிளக்கும் மாட்டிய ஒரு பெட்டி அதைத் தராது. பின்பக்கத் தகட்டில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். அதில் அம்பியருக்கு நேரே ஒரு சதவீதம் இருக்கும். 140 அம்பியர் 60 சதவீதம் என்றால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் எரிக்கலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். அட்டவணையே இல்லாத மெஷினை விட்டுவிடுங்கள். மெஷினைத் தூக்கிப் பாருங்கள், ஒட்டும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஏர்த் கிளாம்ப்பை நெரித்துப் பாருங்கள். தகரத்தில் வளைத்த கிளாம்ப்பும் மெல்லிய வயரும் தந்திருந்தால் அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மலைக்கு மட்டும் உரிய ஒரு விஷயமும் இதில் உண்டு. வெல்டிங் மெஷின்களுக்கான ஐ.ஈ.சி. 60974-1 என்ற சர்வதேசத் தரத்தின்படி, தகட்டில் உள்ள சதவீதம் 40 பாகை வெப்பத்திலும் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்துக்கு உட்பட்டும் கணக்கிடப்படுகிறது. ஹற்றனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே இழுத்துப் போகும். ஆனால் இங்கே 40 பாகை வெயில் கிடையாது, ஆகவே அந்தக் குறையைக் குளிர் ஈடுசெய்துவிடுகிறது. இன்வேர்ட்டரைப் பற்றி இதில் கவலை வேண்டாம். ஜெனரேட்டர் விஷயத்தில்தான் உயரம் அடிக்கும். சாதாரண பெற்றோல் எஞ்சின் 300 மீற்றர் ஏறும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 3.5 சதவீத வலுவை இழக்கும். 5 கே.வி.ஏ. என்று வாங்கியது ஹற்றனில் 4.3 அளவிலும், நுவரெலியாவில் 4க்குக் கொஞ்சம் கீழேயும் நிற்கும். 2.5 மி.மீ. குச்சிக்கு அது போதும், 3.2க்கு மூச்சு வாங்கும்.

இனி மற்ற முறைகள்.

கேஸோடு ஓடும் மிக், கற்றுக்கொள்ள எளிது, மெல்லிய தகட்டுக்கு அருமையானது. துப்பாக்கியை அழுத்தினால் 0.8 மி.மீ. கம்பி தானாக வரும். காபனீரொட்சைட்டோ அல்லது ஆர்கன் கலந்த கேஸோ நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் ஊதி, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து மறைக்கும். அந்த மறைப்புத்தான் அதன் பலவீனமும். மணிக்கு 7, 8 கிலோமீற்றர் வேகக் காற்றே அதைத் தள்ளிவிடப் போதும். ஜூன், ஜூலையில் ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் அடிக்கும் தென்மேல் காற்றில் வாசலில் நின்று மிக் அடித்தால் வெல்ட் முழுக்க ஊசித்துளை விழும். மூடிய பட்டறை இருந்தால்தான் அது சரிவரும். ஓட்டோ தரைத் தகடு 0.8 மி.மீ. அளவில் இருப்பதால் அதற்கு உரிய முறை இதுதான். 0.6 மி.மீ. கம்பி, விட்டு விட்டு ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி அங்கே, சூடு ஓரிடத்தில் சேராமல். நகரத்துப் பட்டறையில் அரை நாள் வேலை அது. அதற்குக் கூலி கொடுத்துவிடுவதே மலிவு.

கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கம்பியோடு ஓடும் மிக், ஸ்டிக்குக்கும் கேஸ் மிக்குக்கும் நடுவில் நிற்கிறது. கம்பிக்குள்ளேயே மருந்து இருப்பதால் காற்றுக்கு அவ்வளவு பயமில்லை. புகையும் தெறிப்பும் அதிகம், வெல்ட்டின் மேல் படியும் கசடைத் தட்ட வேண்டும், கம்பி கிலோ விலையும் குச்சியைவிட ஏறும். உங்கள் வேலை எல்லாமே 1.2 முதல் 2 மி.மீ. சுவருள்ள பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்) தான் என்றால் இதை யோசிக்கலாம். வாங்குபவர்களில் பலர் விடும் பிழை துருவம் மாற்றாமல் விடுவது. கேஸ் கம்பிக்கு டோர்ச் பிளஸ்ஸில் இருக்கும். ஃப்ளக்ஸ் கம்பிக்கு டோர்ச் மைனஸ்ஸுக்கு மாற வேண்டும். மெஷினைத் திறந்தால் உள்ளே அதற்கென இரண்டு போல்ட்டோ ஒரு குட்டை வயரோ இருக்கும். மாற்றாமல் அடித்தால் வெல்ட் மேலே குவிந்து நிற்கும், பிடிப்பு இருக்காது, தெறிப்பு கொட்டும். இந்தக் கம்பி மென்மையானது, ஆகவே கம்பியைத் தள்ளும் உருளையை அதிகம் இறுக்கினால் நசுங்கும். பல்வரி வெட்டிய உருளை போட்டு, கம்பி வழுக்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். இங்கத்தைய ஈரத்தில் இரண்டு மழைக்காலம் மெஷினுக்குள்ளேயே விட்ட கம்பியைக் காசு கொடுத்து வாங்கினோமே என்று பயன்படுத்தாதீர்கள்.

டிக் அழகான முறை. டங்ஸ்டன் ஊசியில் ஆர்க் எரிய, மற்றக் கையால் நிரப்புக் கம்பியை ஊட்டிச் செய்வது அது. துருப்பிடிக்கா எஃகுக் கைப்பிடி, மெல்லிய குழாய், நுணுக்கமான வேலை என்றால் அதற்கு நிகரில்லை. ஆனால் ஆர்கன் சிலிண்டர் வேண்டும், இரும்பு எண்ணெயும் துருவும் இல்லாமல் பளபளவென்று இருக்க வேண்டும், இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்யப் பழக வேண்டும், காற்றில் செய்யவே முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், பல ஸ்டிக் இன்வேர்ட்டர்களில் லிஃப்ட் டிக் (ஊசியை இரும்பில் தொட்டுத் தூக்கி ஆர்க் பற்றவைப்பது) வசதி இருக்கிறது. பின்னாளில் ஆசை வந்தால், கைப்பிடியில் வால்வு உள்ள டோர்ச் ஒன்றும் ரெகுலேட்டரும் வாங்கினால் அதே மெஷினில் தொடங்கலாம். சிவப்பு நுனி டங்ஸ்டனில் தோரியம் உண்டு, அதன் தூசியைச் சுவாசிக்கக்கூடாது. நீலம் அல்லது பொன்னிற நுனி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியம் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த டீ.சி. மெஷினில் முடியாது. அதற்கு ஏ.சி. டிக் வேண்டும், அது விலையிலும் பழக்கத்திலும் வேறு உலகம்.

கேஸ் வெல்டிங்கை, அதாவது ஒட்சிசனும் அசற்றலீனும் சேர்ந்ததை, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்வேன். கரண்ட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், பித்தளை கொண்டு ஒட்டுவதற்கு மிக நல்லது, எல்லாம் உண்மை. ஆனால் அசற்றலீன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலைத் தாண்டினால் தானாகவே வெடிக்கக்கூடியது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், படுக்கவைத்துப் பயணம் செய்யக்கூடாது. ஒட்சிசன் வால்வில் கொஞ்சம் எண்ணெய்க் கை பட்டாலே தீப்பிடிக்கும். லயத்துக் காம்பராவிலோ விறகு அடுக்கிய குசினியிலோ இதற்கு இடமில்லை. சமையல் கேஸை வைத்து ஒப்பேற்றலாமா என்றால், ஒட்சிசனோடு சேர்த்து இரும்பை வெட்டலாம், பித்தளையால் ஒட்டலாம், இரும்பை இரும்போடு உருக்கி வெல்ட் செய்ய அது உதவாது.

ஆகவே ஸ்டிக்கிலேயே நின்று, அதை எப்படிச் சரியாகச் செய்வது என்று பார்ப்போம்.

குச்சி 6013 மட்டும் போதும். 7018 பலமானது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஈரம் பட்டால் அதை 300 பாகைக்கு மேல் சுட்டுத்தான் காயவைக்க முடியும். வீட்டு மின் ஓவனுக்கு அது எட்டாது. ஈரமான 7018, உலர்ந்த 6013ஐவிட மோசமான வெல்ட் தரும், விரிசலும் வரும். 2.5 மி.மீ. குச்சி 350 மி.மீ. நீளத்தில் கிலோவுக்கு 50க்கு மேல் வரும். பழகுவதற்கு 2 கிலோ வாங்குங்கள், அதற்குக் குறைத்தால் கை பழகுமுன் குச்சி தீர்ந்துவிடும்.

ஈரம் பட்ட குச்சியைக் கண்டுபிடிப்பது எளிது. எரிக்கும்போது சடசடவென்று வெடித்து எரியும், புகை கூடும், வெல்ட்டில் துளை விழும், மேற்பூச்சில் வெண்மை பூத்திருக்கும் அல்லது விரலால் வளைத்தால் உதிரும். 6013ஐ 100 முதல் 110 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் காய்ந்துவிடும். அதற்கு மேல் சூடேற்றக்கூடாது, ஏனென்றால் அந்தப் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை. காய்ந்ததை இறுக மூடும் பிஸ்கட் டின்னில் போட்டு, விறகு அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் வைத்தால் மழைக்காலம் முழுவதும் கெடாது. விறகு அடுப்பு இல்லாத வீட்டில், மூடிய அலுமாரிக்குள் ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அருகில் டின்னை வையுங்கள், துணியும் காகிதமும் பல்பைத் தொடாமல்.

அம்பியர் கணக்கு இதுதான்: 2.0 மி.மீ. குச்சிக்கு 40 முதல் 60, 2.5க்கு 60 முதல் 90, 3.2க்கு 90 முதல் 130. மெலிந்த சுவருக்குக் கீழ் எல்லை, தடித்த இரும்புக்கு மேல் எல்லை. மலிவான மெஷினின் இலக்கத் திரை சொல்வதைவிட, கழிவு இரும்பில் எரித்துப் பார்ப்பதே நம்பகமானது. குச்சி ஒட்டிக்கொண்டே இருந்தால் 5 அம்பியர் கூட்டுங்கள். தகடு ஓட்டை விழுந்தால் அல்லது குச்சியின் கடைசிப் பகுதி செந்நிறமாகிப் பூச்சு உதிர்ந்தால் குறையுங்கள். மெல்லிய பொக்ஸ் பாருக்குக் குச்சியை மைனஸ்ஸில் மாட்டுங்கள், இரும்புக்குள் இறங்கும் சூடு குறையும். 3 மி.மீ.க்கு மேற்பட்ட எல்-இரும்புக்குப் பிளஸ்ஸில் மாட்டிப் பாருங்கள்.

குச்சியின் நுனிக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள தூரம் குச்சியின் கம்பி மொத்தமே இருக்க வேண்டும், அதாவது 2.5 மி.மீ. புதிதாகப் பழகுபவர்கள் பயத்தில் குச்சியைத் தூக்குவார்கள். தூக்கினால் ஆர்க் நீண்டு, தெறிப்பு கூடி, வெல்ட் பரந்து பிடிப்பில்லாமல் போகும். குச்சியை நீங்கள் நகரும் திசைக்குச் சாய்த்து, 15, 20 பாகை சரிவில் இழுத்துக்கொண்டு போங்கள், தள்ள வேண்டாம். தள்ளினால் உருகிய கசடு முன்னால் ஓடி, அதன் மேல் இரும்பு படியும். மேலே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே கசடு. 6013இல் எல்லோருக்கும் வரும் சிக்கல் இதுதான். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது வெளிச்சமான ஆர்க்கைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் உள்ள உருகிய இரும்புக் குளத்தைப் பாருங்கள். ஒளிர்ந்து அசையும் ஓரம் உருகிய இரும்பு, அதன் பின்னால் மங்கலாக மிதப்பது கசடு. இரண்டையும் பிரித்தறியத் தொடங்கிய நாளில் கை தானாகத் திருந்தும்.

1.2 மி.மீ. சுவருள்ள ஒரு அங்குலப் பொக்ஸ் பாரில்தான் வீட்டு வேலைகள் பெரும்பாலும் இருக்கும். ஸ்டிக்கில் கடினமானதும் அதுதான். முடிந்தால் 1.6 மி.மீ. சுவருள்ளதை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் ஓட்டை விழுவது நன்றாகக் குறையும், மழையில் ஆயுளும் கூடும். வெட்டும்போது மூட்டில் இடைவெளி விடாதீர்கள். இடைவெளி 1 மி.மீ. தாண்டினால் 2.0 மி.மீ. குச்சியாலும் அதை நிரப்புவது கடினம். 45 அம்பியர் அளவில் வைத்து, ஒரே இழுப்பில் சுற்றி வராமல், 10, 15 மி.மீ. அடித்து நிறுத்தி, எதிர்ப் பக்கத்துக்குப் போங்கள். நிமிர்ந்து நிற்கும் மூட்டில் மேலிருந்து கீழே இழுக்கலாம். மெல்லிய சுவருக்கு அது உகந்தது, தடித்த இரும்புக்கு ஆகாது.

கேட் போன்ற சட்டத்தில் வளைவு வராமலிருக்க, முதலில் நாலு மூலையையும் சின்னப் புள்ளிகளால் பிடித்துவைத்து, குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வரும்வரை தட்டிச் சரிசெய்த பிறகே முழு வெல்ட். ஒரு மூலையின் உள்பக்கம் அடித்தால் அடுத்தது எதிர் மூலை. ஒரே மூலையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன் என்றால் சட்டம் முறுகிவிடும். பொக்ஸ் பாரின் திறந்த முனைகளைச் சிறு தகடு வெட்டி அடைத்துவிடுங்கள். எங்கள் மழையில் கேட் முதலில் துருப்பது உள்ளே நீர் நின்ற முனையிலிருந்துதான். கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அன்றே ஒரு கை பிரைமர் பூசுங்கள். ஈரக் காற்றில் வெறும் வெல்ட் ஒரே இரவில் செம்மை பூக்கும், அதன் மேல் பூசிய பெயின்ட் உரிந்து வரும்.

ஜீ.ஐ. பைப்பும் துத்தநாகம் பூசிய பொக்ஸ் பாரும் தனி எச்சரிக்கை கேட்கின்றன. அந்த வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. நிறையச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து நடுக்கமும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஓரிரு நாளில் தணியும் என்றாலும் அது உடல் தரும் எச்சரிக்கை. பால் குடித்தால் சரியாகும் என்பது பரவலான நம்பிக்கை. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு, ஆகவே அதில் பயனில்லை. வெல்ட் செய்யும் இடத்தின் இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று உங்கள் பக்கவாட்டில் வரும்படி நின்று செய்யுங்கள். பிறகு துத்தநாகம் கலந்த பெயின்ட் பூசி அந்த இடத்தை மூடுங்கள். பூச்சோடு அடித்தால் வெல்ட்டிலும் துளை விழும்.

தொடக்கூடாத வேலைகள் சில. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டித் தகடு, வண்டியின் ஸ்பிரிங் பட்டை எல்லாம் கரிமம் கூடிய எஃகு. 6013 ஒட்டும், ஆனால் வெல்ட்டுக்கு அருகில் உள்ள பகுதி வேகமாக ஆறி மொறுமொறுப்பாகி, முதல் அடியிலேயே அதே இடத்தில் முறியும். கத்தி முறிந்து பறந்தால் காயம் படுவது கவ்வாத்து வெட்டுபவருக்கு. பெற்றோல், எண்ணெய், பெயின்ட் இருந்த பீப்பாய்களைக் கழுவினாலும் வெல்ட் செய்யாதீர்கள். மடிப்பில் ஒளிந்திருக்கும் மிச்சம் ஆவியாகி வெடிக்கும். சமையல் கேஸ் சிலிண்டர், வாகனத்தின் பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள், ஆள் ஏறும் ஏணி, இவையும் பொழுதுபோக்கு வெல்டருடையவை அல்ல. இரும்பைச் சுத்தம் செய்யக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிக்காதீர்கள், ஆர்க் பட்டால் அது பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

இடத்தைத் தெரிவுசெய்வதில் லயத்து வீடுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரே கூரை, ஒட்டிய காம்பராக்கள், மரச் சட்டம், பரணில் காய்ந்த விறகு. பொறி 10 மீற்றர்வரை ஓடும், கிரைண்டர் பொறியும் அப்படித்தான். இஸ்தோப்பில் செய்வதைவிட வாசலில் இறங்கி, கான் ஓரத்துச் சீமெந்துத் தரையில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். முடிந்த பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து புகை வருகிறதா என்று பாருங்கள். ஏர்த் கிளாம்ப்பை ஒட்டும் துண்டிலேயே மாட்டுங்கள். தகரக் கூரையின் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால், கரண்ட் நீங்கள் நினையாத வழியில் சுற்றிவந்து வேறெங்கோ பொறி கிளப்பும்.

மழையில் செய்யவே கூடாது. குச்சி எரியாதபோது ஹோல்டரில் இருக்கும் வோல்ட் 60 முதல் 90 அளவில் இருக்கும். உலர்ந்த கைக்கு அது தெரியாமல் போகலாம், நனைந்த கையுறையும் ஈரச் சப்பாத்தும் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு உலர்ந்த பலகை மேல் நில்லுங்கள், மாற்றுக் கையுறை ஒன்று வைத்திருங்கள். வெல்டிங் தொடங்கும்போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், அதைத் தவிர்த்து வயர் மாற்றிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். எங்கோ ஈரமோ கசிவோ இருக்கிறது என்று அது சொல்கிறது.

கண்ணுக்கு, தானாகக் கருக்கும் ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். நிழல் அளவை 9இலிருந்து 13வரை மாற்றக்கூடியதில் 80 அம்பியருக்கு 10, 110க்கு 11 வையுங்கள். ஆர்க்கை வெறும் கண்ணால் பார்த்தவருக்குப் பகலில் ஒன்றும் தெரியாது, இரவில்தான் மணல் கொட்டியது போல உறுத்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். ஒரு பழைய சாக்கையோ தகரத்தையோ மறைப்பாக நிறுத்திவிட்டே தொடங்குங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள், நைலோன் ஜேர்சி உருகித் தோலில் ஒட்டும்.

பழகும் ஒழுங்கு: முதல் ஒரு கிலோ குச்சியை 3, 4 மி.மீ. தட்டை இரும்பில் நேர்கோடு இழுப்பதிலேயே செலவிடுங்கள். பிறகு இரண்டு துண்டை டீ வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் அடித்து, வைஸில் இறுக்கி, வெல்ட் பிரியும் பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். மூலையில் கரிய கசடுக் கோடு தெரிந்தால் அம்பியர் குறைவு அல்லது கை மெதுவாகப் போயிருக்கிறது. ஒரு துண்டு மட்டும் சுத்தமாகப் பிரிந்து வந்தால் குச்சி மற்றத் துண்டின் பக்கம் சாய்ந்திருந்திருக்கிறது. முறிந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் நொறுங்கிய இரும்பாகத் தெரிந்தாலோ, முறியாமல் மடங்கினாலோ அடுத்த வேலைக்குப் போகலாம். முறையாகப் படிக்க விரும்பினால் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் ஹற்றன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும் வெல்டிங் பாடநெறி இப்போது நடக்கிறதா என்று நேரில் கேட்டுப் பாருங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கான பாடநெறி கிடைத்தால், பின்னாளில் தொழிலாகவும் உதவும்.

உங்கள் பட்டியலில் கோழிக்கூட்டை முதலில் செய்யுங்கள், பிழை வந்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை. கேட் இரண்டாவது. தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்டைக் கடைசிக்கு வையுங்கள். 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் எடை, அது பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு மேலே நிற்கப் போகிறது. கால்களுக்கு 50×50×5 மி.மீ. எல்-இரும்புக்குக் குறையாமல், நாலு பக்கமும் குறுக்குச் சட்டம் போட்டு, ஒவ்வொரு காலின் கீழும் தகடு வைத்துக் கொங்கிரீட்டில் போல்ட் செய்யுங்கள். 5 மி.மீ. இரும்புக்கு 2.5 குச்சியை 90 அம்பியரில், நிமிர்ந்த மூட்டுகளில் கீழிருந்து மேலே ஏற்றி அடிக்க வேண்டும். அது கைக்கு வரவில்லை என்றால், வெட்டுவதையும் புள்ளிவைத்துப் பிடிப்பதையும் நீங்கள் செய்துவிட்டு, முழு வெல்ட்டை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள்.